முப்பத்திரண்டு வீதிகளும் ஓர் இராகு காலமும்

1

2024 நவம்பர் 7, வியாழக்கிழமை, காலை 6.05. வுப்பர்டால். மூன்று பாகை. மூடுபனி, காற்று இல்லை.

எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருக்கதவு வரை ஐம்பத்துநான்கு படிகள். முப்பத்தொரு வருடமாக எண்ணுகிறேன். ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. அன்று காலை அவற்றை இறங்கி முடிக்க என் மனைவி பரமேஸ்வரிக்குப் பதினொரு நிமிடம் பிடித்தது. ஒவ்வொரு படிக்கும் இடது காலை வைத்து, பிறகு வலது காலையும் அதே படிக்குக் கொண்டுவருவாள். நான் ஒரு படி முன்னால், கையில் கோப்புடன். கோப்பில் பதினேழு பத்திரங்கள்.

நாங்கள் கார்ல்ஸ்ரூஹவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே எங்கள் மகள் தர்ஷினி பதினொரு வருடமாக இருக்கிறாள். அந்த ஊரில் முதியவர்களுக்கென்று கட்டிய ஒரு குடியிருப்பில் வீடு ஒன்று காலியாகியிருந்தது. லிப்ட் உண்டு, வாசலில் படி இல்லை, மகளின் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். விண்ணப்பித்தது மகள். கூப்பிட்டது குடியிருப்புக்காரர். வீட்டைப் பார்க்க வரச்சொல்லி எங்களுக்கு ஒரு தெர்மின், அதாவது முன்கூட்டிக் குறித்த நேரம், தந்திருந்தார்கள். இந்த நாட்டில் பல் பிடுங்குவதற்கும் தெர்மின், பிள்ளை பெறுவதற்கும் தெர்மின் என்பது ஊரில் இருப்பவர்களுக்கும் இப்போது தெரிந்திருக்கும்.

எனக்குப் போக விருப்பமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வுப்பர்டாலை விட்டுப் போகக்கூடாது என்பதற்கு என்னிடம் எழுதிவைத்த காரணங்கள் இருபத்துமூன்று. நூல்நிலையத்தில் என் மேசை, முப்பத்தொரு வருடப் பழைய வாடகை, சனிக்கிழமைகளில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடம், என் காது வைத்தியர் என்று பட்டியல் போகிறது. பரமேஸ்வரியிடம் இருந்த காரணம் ஒன்றுதான். அந்த ஐம்பத்துநான்கு படிகள். கடந்த மார்ச்சில் முழங்கால் இரண்டும் மோசமான பிறகு அவள் கிழமைக்கு ஒருநாள்தான் கீழே இறங்குகிறாள். மற்ற ஆறு நாளும் யன்னலோரம்.

தெர்மின் கடிதம் ஒக்டோபர் கடைசியில் வந்தது. பரமேஸ்வரி ஜெர்மன் நன்றாகவே பேசுவாள். இருபத்திரண்டு வருடம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தவள். அங்கே பேசாமல் இருக்க ஏலாது. ஆனால் அலுவலகக் கடிதம் அவளுக்கு ஓடாது. வீட்டுக்கு வருகிற கடிதங்களை வாசித்துச் சொல்வது முப்பத்தொன்பது வருடமாக என் பொறுப்பு. அன்றும் வாசித்தேன். வியாழக்கிழமை, பிற்பகல் 2.45.

அவள் எழுந்துபோய்ச் சமையலறைச் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தாள். தமிழ்க் கடையில் வருடா வருடம் கொடுக்கிற கலண்டர்தான். வியாழன், இராகு காலம் 1.30 முதல் 3.00 வரை.

"வீட்டு விசயமப்பா. இந்த நேரத்தில காலெடுத்து வைக்க ஏலாது. நேரத்தை மாத்தக் கேட்டுப் பாக்கலாமோ?" என்றாள்.

அந்தக் கடிதத்தின் கடைசிப் பந்தியில் ஒரு வரி இருந்தது. நேரம் வசதிப்படாவிட்டால் இந்த இலக்கத்துக்கு அழைத்து மாற்றிக்கொள்ளலாம் என்று. அந்த வரியை நான் அவளுக்கு வாசிக்கவில்லை. தெர்மினை மாற்ற மாட்டார்கள் என்று சொன்னேன். என்றாலும் போவோம் என்றாள். நாற்பத்தாறு வருடக் கலியாண வாழ்க்கையில் இராகு காலத்தைப் பற்றி நான் செய்த பகிடிகள் கொஞ்சமல்ல. அன்று முதல்தடவையாக இராகு என் பக்கம் நின்றான்.

2

ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஆச்சரியமான விசயம் என்பதால் எழுதிவைத்தேன். கொலோனில் ஒரு மாறல். 10.12க்குக் கார்ல்ஸ்ரூஹ.

கடந்த பதினொரு வருடத்தில் நான் இந்த ஊருக்கு ஆறு தடவை வந்திருக்கிறேன். ஆறு தடவையும் நிலையத்தில் மகளின் கார், காரிலிருந்து வீடு, வீட்டிலிருந்து நிலையம். ஊரைப் பார்த்ததே இல்லை. இந்தமுறை மகளுக்கு ஒரு மணிக்குத்தான் வேலையில் இடைவேளை. எங்களுக்கு மூன்று மணித்தியாலம் கையில் இருந்தது. எதையும் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று நினைத்தேன். நிலஅளவைத் திணைக்களத்தில் பதினான்கு வருடம் படவரைஞனாக இருந்தவன் நான். ஓர் ஊரைப் பற்றி முடிவெடுக்க முன்னர் அதன் வரைபடத்தைப் பார்ப்பது என் தொழில் பழக்கம்.

இந்த ஊரின் வரைபடத்தை ஒருதடவை பார்த்தவர் மறக்க மாட்டார். நடுவில் ஓர் அரண்மனை. அதன் கோபுரத்தை மையமாக வைத்து முப்பத்திரண்டு நேர்கோடுகள், சூரியனுக்குக் கதிர் வரைந்த மாதிரி. முந்நூறு வருடங்களுக்கு முன்னர் ஒரு சின்ன அரசின் பிரபு, காட்டுக்குள் ஒரு புள்ளியை வைத்து, இதுதான் என் தலைநகர் என்று சொல்லிக் கோடு இழுக்க வைத்திருக்கிறார். வடக்கே போகும் கோடுகள் இன்றும் காட்டுப் பாதைகள். தெற்கே போகும் ஒன்பது கோடுகள் தெருக்கள். ஊர் விசிறி மாதிரி விரிந்து கிடக்கிறது. முந்நூற்று அறுபதை முப்பத்திரண்டால் பிரித்தால் ஒரு கதிருக்கும் அடுத்ததற்கும் இடையில் பதினொரு பாகை பதினைந்து கலை, அதாவது பதினொன்றேகால் பாகை. மாலுமிகளின் திசைகாட்டியிலும் அதே முப்பத்திரண்டு பிரிவுதான். இதைப் பரமேஸ்வரிக்கு டிராமில் விளக்கினேன். அவள் தன் முழங்கால்களைத் தேய்த்துக்கொண்டு கேட்டாள், அல்லது கேட்கவில்லை.

டிராம் நிலத்துக்குக் கீழே ஓடி, நடுச்சந்தையின் அடியில் நிற்கிறது. அங்கிருந்து மேலே வர லிப்ட் இருந்தது. வேலை செய்கிற லிப்ட். பரமேஸ்வரி அதன் சுவரைக் கையால் ஒருதடவை தொட்டுப் பார்த்தாள்.

மேலே வந்தால் எதிரே ஒரு பிரமிட். செம்மணற்கல்லில், ஒரு மாடி வீட்டளவு. ஊரை உண்டாக்கிய பிரபுவை அதன் கீழேதான் புதைத்திருக்கிறார்களாம். நம்மவர் ஒருவர் சந்தையின் நடுவில் தன் சமாதியை வைத்தால் அதைச் சுற்றிக் கம்பி வேலி, சிலை, மாலை, ஒலிபெருக்கி என்று வந்திருக்கும். இங்கே அதன் அடியில் ஒரு பெண் இருந்து பாண் கடித்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து அரண்மனை வரை நேரே நடந்தோம். பரமேஸ்வரியின் வேகத்தில் இருபத்தாறு நிமிடம், நடுவில் நான்கு இருக்கைகளில் ஓய்வு. எண்ணி வந்தேன். கார் ஹோர்ன் சத்தம் பூச்சியம். மாடிப்படி பூச்சியம். நடைபாதை விளிம்புகூடத் தெருவோடு மட்டமாக இருந்தது. வுப்பர்டால் அப்படியல்ல. ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் யாரும் திட்டமிடாமல் நெருக்கிக் கட்டிய ஊர். மலைச்சரிவில் வீடு, ஆற்றுக்கு மேலே தொங்கும் ரயில், ஒரு தெருவிலிருந்து அடுத்ததற்குப் போக நூறு படி. அந்த ஊரில் எனக்குப் பிடித்ததே அதுதான் என்று நினைத்திருந்தேன். எண்ணுவதற்கு அங்கே எப்போதும் ஏதாவது இருக்கும்.

அரண்மனையின் பக்கத்தில், மரங்களுக்கிடையில், கண்ணாடிப் பெட்டிகள் மாதிரிச் சில தட்டைக் கட்டடங்கள். நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அதுதான். வாசலில் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். ஒருவர் கைகளை ஊதிச் சூடாக்கிக்கொண்டிருந்தார். நான் அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குக் காரணம் உண்டு. எண்பதுகளில் எங்களுக்குக் கார்ல்ஸ்ரூஹ என்பது ஊரின் பெயரல்ல, நீதிமன்றத்தின் பெயர். என் அகதி விண்ணப்பம் ஆறு வருடமும் ஏழு மாதமும் இழுபட்டது. ஒவ்வொரு தடவையும் மறுப்புக் கடிதம் வரும்போது சட்டத்தரணி, தேவைப்பட்டால் கார்ல்ஸ்ரூஹ வரை போகலாம் என்பார். எட்டுப் பேர் ஒரே அறையில் இருந்தோம். எட்டுப் பேரும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தோம். உயரமான, கறுத்த, நூறு படிகள் உள்ள ஒரு கட்டடத்தை நான் மனதில் வரைந்து வைத்திருந்தேன். கடைசியில் அங்கே போகத் தேவை வரவில்லை. இப்போது பார்த்தால் கட்டடம் நிலத்தோடு நிலமாக, புல்லின் நடுவில் இருக்கிறது. உள்ளே யாரோ மேசை விளக்கைப் போட்டார்கள். வெளியிலிருந்தே தெரிந்தது.

"இதுக்கோ அப்ப அவ்வளவு பயந்தனீங்கள்?" என்றாள் பரமேஸ்வரி.

3

அரண்மனைக் கோபுரத்தில் ஏறலாம் என்று எழுதியிருந்தது. பரமேஸ்வரியைக் கீழே கூடத்தில், கதகதப்பான ஓர் இருக்கையில் இருத்தினேன். காலையில் அவளிடம் கொடுத்த இருபது யூரோத் தாள் கைப்பையில் இருப்பதை உறுதிப்படுத்திவிட்டு ஏறத் தொடங்கினேன்.

ஏறும்போது நூற்றைம்பத்தெட்டுப் படி. இறங்கும்போது நூற்றைம்பத்தேழு. இந்த வித்தியாசம் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

மேலே பனி. முப்பத்திரண்டு கதிர்களையும் ஒரே இடத்தில் நின்று எண்ணுவதற்காக எழுபத்தேழு வயதில் ஏறிய எனக்குத் தெரிந்தவை ஏழு. அவையும் நூறு மீற்றர் போய்ப் பாலில் கரைந்த மாதிரி முடிந்துவிட்டன. ஆனாலும் நான் உடனே இறங்கவில்லை. ஒரு விசயம் எனக்கு வியப்பாக இருந்தது.

யாழ்ப்பாணத்து அலுவலகத்தில் நாங்கள் வரைந்த படங்களில் நேர்கோடு அபூர்வம். ஒழுங்கைகள் வளையும். காணிகள் முதலில் பிரிந்தன, வழிகள் பிறகு வந்தன. மிஞ்சின இடத்தால் வழி போகும். வெயில் காலத்தில் முழங்கையிலிருந்து வடியும் வியர்வை வரைதாளில் விழுந்து மையைக் கரைக்காமல் இருக்க, கையில் துவாய் சுற்றிக்கொண்டு அந்த வளைவுகளை வரைவோம். நகரத்தை விரிவாக்கப் புதிய வீதி ஒன்றுக்கு ஒருதடவை நேர்கோடு போட்டேன். முந்நூறு மீற்றர் நேர்கோடு. அது பதினெட்டுப் பேருடைய காணிக்குள்ளால் போனது. அந்தப் பதினெட்டுப் பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். கோடு தாளிலேயே நின்றுவிட்டது.

இங்கே ஒரு மனிதர் முப்பத்திரண்டு கோடு போட்டிருக்கிறார். முந்நூறு வருடமாக யாரும் அதைக் கோணலாக்கவில்லை. முதலில் கோடு, பிறகு வீடு, அதன் பிறகுதான் ஆட்கள். குடியிருக்க வந்தவர்களுக்கு வரி விலக்குக் கொடுத்து வெளியூர்களிலிருந்து கூப்பிட்டார்களாம். மேலே ஒரு பலகையில் எழுதியிருந்தது. அப்படியென்றால் இந்த ஊரில் எல்லாருமே வந்தவர்கள்தான். அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததை நினைத்துக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. இருபத்துமூன்று காரணங்களோடு வந்தவன் அல்லவா.

கீழே இறங்கியபோது பரமேஸ்வரியின் பக்கத்தில் ஓர் இளம்பெண் இருந்தாள். முதுகுப்பை, கம்பளித் தொப்பி. திருநெல்வேலிப் பக்கம், இங்கே பல்கலைக்கழகத்தில் நீர் சுத்திகரிப்பில் ஆராய்ச்சி. என்னை "அங்கிள்" என்றாள். "ஆன்ட்டிகூட நல்லா டைம் போச்சு, அங்கிள்," என்று சொல்லி எழுந்து போனாள். இரண்டு பேரும் ஏதோ விசயத்தைப் பேசி முடித்தவர்கள் மாதிரிச் சிரித்துக்கொண்டார்கள்.

கைப்பையைப் பார்த்தேன். பதினைந்து யூரோ எண்பது சதம் இருந்தது. நாலு இருபது எங்கே என்று கேட்டேன்.

"தண்ணி வாங்கினனான்."

குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். தண்ணீர், 4.20. தண்ணீருக்கு இது அநியாய விலை என்றும் சொன்னேன். அவள் கைப்பையை மூடினாள்.

4

ஒரு மணிக்குத் தர்ஷினி வந்தாள். நாற்பத்தைந்து நிமிட இடைவேளையில் சைக்கிளில் வந்து, எங்களை அரண்மனைக்கு அருகில் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போய் சூப் வாங்கித் தந்தாள். அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், நான்கு வயதில் இங்கே வந்தவள். தாயோடு தமிழில் தொடங்கி ஜெர்மனில் முடிப்பாள். என்னோடு ஜெர்மனில் தொடங்கி ஜெர்மனிலேயே முடிப்பாள். அவளுடைய பிள்ளைகள் எங்களுக்குப் பிறந்தநாளில் அனுப்பும் வாழ்த்துச் செய்திகளில் எட்டுச் சொற்கள் இருக்கும். கடந்த வருடம் ஆறு.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குடியிருப்பில் இரண்டு வீடுகள் காலியாம். ஒன்று இரண்டு அறை, இரண்டு பேருக்கு. மற்றது ஒரு அறை, தனி ஆளுக்கு. வேறு ஆட்களும் காத்திருக்கிறார்கள், இன்று நான்கு மணிக்குள் பதில் சொல்லவேண்டும், நேரத்துக்குப் போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அன்று அவள் எனக்குத் தமிழில் வாயால் சொன்னது இது மட்டும்தான்.

"அப்பா, உங்களுக்கு விருப்பமில்லை எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் வராட்டிலும் பரவாயில்லை. படிவத்தில எத்தினை பேர் எண்டு கேக்கும். ஒண்டு எண்டு எழுதிவிடுங்கோ. அம்மாவை நான் பாக்கிறன்."

கோபமாகச் சொல்லவில்லை. சூப்பில் உப்புப் போதுமா என்று கேட்கிற குரலிலேயே சொன்னாள். இந்த யோசனையைப் பல தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள் என்று விளங்கியது. பரமேஸ்வரி பாணைச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று அவள் சொல்லவில்லை.

பட்டியலில் இருபத்துமூன்று காரணங்கள். வுப்பர்டால் வீட்டில் நான் தனியாக இருப்பேன் என்ற கணக்கு ஒன்றிலும் இருக்கவில்லை.

5

தர்ஷினி வேலைக்குத் திரும்பிய பிறகு, இரண்டு மணிக்கு, நாங்கள் இருவரும் குடியிருப்பை நோக்கி நடந்தோம். கிழக்கிலிருந்து மூன்றாவது கதிர். இரண்டு இருபதுக்கு, ஆறு நிமிட நடை மிச்சம் இருக்க, பரமேஸ்வரி தெருவோர இருக்கை ஒன்றில் இருந்துவிட்டாள். கால் வலி என்று முதலில் நினைத்தேன்.

வலி இல்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

எனக்கு அடுத்து நடக்கப்போவது தெரிந்தது. மூன்று மணிவரை இருப்பாள். பிறகு போவோம். பெயர் வெட்டுப்பட்டிருக்கும். நான் ஒன்றும் செய்யவில்லை, இராகு செய்தான். திரும்பி ரயில் ஏறுவோம், ஐம்பத்துநான்கு படி ஏறுவோம், அவள் யன்னலோரம் இருப்பாள். நான் பேசாமல் இருந்தால் போதும்.

ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரியும். கலண்டரில் இருக்கும் இராகு காலம் ஆறு மணிக்குச் சூரியன் வரும் ஊருக்கு. பகல்பொழுதை எட்டாகப் பிரித்து வருகிற கணக்கு அது. வியாழனுக்கு ஆறாவது பங்கு. இங்கே நவம்பரில் சூரியன் அந்தக் கணக்குப்படி வருவதில்லை. காலையில் ரயிலில், கொலோனுக்கும் மன்ஹைமுக்கும் இடையில், வேறு வேலை இல்லாததால் நான் அதைப் போட்டுப் பார்த்திருந்தேன். சூரிய உதயம் 7.23. மறைவு 4.57. பகல் ஐந்நூற்று எழுபத்துநான்கு நிமிடம். எட்டில் ஒரு பங்கு எழுபத்தொரு நிமிடம் நாற்பத்தைந்து விநாடி. ஆறாவது பங்கு முடிவது 2.33உம் முப்பது விநாடியும். எங்கள் தெர்மின் 2.45. கணக்கைப் போட்டேன், குறிப்புப் புத்தகத்தை மூடினேன், அவளிடம் சொல்லவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றாள். "நீங்கள் கணக்குத் தெரிஞ்ச ஆள். இஞ்ச சூரியன் ஆறு மணிக்கு வாறதில்லையெல்லோ. அப்ப இஞ்ச இராகு காலம் எத்தினை மணிக்கு முடியும்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. தெருவின் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கோபுரம் இருக்கவேண்டிய இடத்தில் பனிதான் இருந்தது.

எதையாவது சொல்லியிருக்கலாம். வியாழனுக்கு வியாழன் எங்கேயும் ஒன்றுதான் என்றோ, கணக்குப் பார்க்கவில்லை என்றோ. கடிதத்தில் ஒரு வரியை விடுவது வேறு, அது வாசிக்காதது. கேட்ட இலக்கத்தைப் பிழையாகச் சொல்வது வேறு. திணைக்களத்தில் இருந்த பதினான்கு வருடத்தில், அதன் பின் தொழிற்சாலையில் ஆணி எண்ணிப் பொதி செய்த இருபத்தைந்து வருடத்தில், நான் தெரிந்துகொண்டு பிழையான இலக்கம் எழுதியதில்லை.

"ரெண்டு முப்பத்துமூண்டரைக்கு," என்றேன்.

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். காலமை ரயிலுக்கை."

"ம்," என்றாள். "அப்ப இன்னும் எட்டு நிமிசம் இருக்கு."

அந்த எட்டு நிமிடமும் நாங்கள் அங்கே இருந்தோம். எதிர்ப்பக்கம் ஒரு முதியவர் மஞ்சள் இலைகளைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சைக்கிள் போனது, பிறகு இன்னொன்று. நேரமாகிறது, பிந்தினால் பெயரை வெட்டுவார்கள் என்று நான் பதறினேன். அவள் பதறவில்லை. இரண்டு முப்பத்துநான்குக்குத் தானாக எழுந்தாள்.

6

குடியிருப்பில் எங்களைச் சந்தித்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூச்சு வாங்க நின்ற பரமேஸ்வரிக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, இவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள், ஏன் வேறு நேரம் கேட்கவில்லை என்றார். தொலைபேசியில் மாற்றலாம் என்று கடிதத்தில் எழுதியிருந்தேனே, பலர் மாற்றினார்களே என்றார். மெதுவாக, தெளிவாக, எல்லாருக்கும் விளங்குகிற ஜெர்மனில் சொன்னார்.

பரமேஸ்வரி என்னை ஒருதடவை பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, இந்த நேரம் எங்களுக்கு நல்ல நேரம்தான் என்றாள்.

இரண்டு அறை வீட்டைப் பார்த்தோம். இரண்டாம் மாடி. தெருவிலிருந்து கட்டில் போடும் இடம் வரை ஒரு படியும் இல்லை. கடிதத்தில் ஐம்பத்தொரு சதுர மீற்றர் என்றிருந்தது. காலடியால் அளந்தேன், எனக்கு ஐம்பதுதான் வந்தது. கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஏழு காலடி. அடுப்பு மின்சாரம். சமையலறை யன்னல் திறக்கும். தாளித்த வாசம் போக வழி உண்டு. பரமேஸ்வரி அந்த யன்னலைத் திறந்து மூடினாள், மறுபடி திறந்தாள். தெரு நேராக ஓடியது. அதன் முடிவில், பனி கொஞ்சம் மெலிந்து, கோபுரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. இந்த ஊரில் எந்தக் கதிரில் வீடு எடுத்தாலும் அது தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பத்திரங்கள் பதினேழையும் மேசையில் அடுக்கினேன். அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டவை ஐந்து. குறைந்த வாடகை வீட்டுக்கான தகுதிச் சான்றிதழ், ஓய்வூதியக் கடிதம், அப்படியானவை. மற்றவற்றைத் திருப்பித் தந்தார். பதினேழையும் சேர்க்க எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.

பிறகு படிவம். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம். நான்காவது பெட்டியில் குடியிருக்கப்போகும் ஆட்களின் எண்ணிக்கை.

பேனாவை எடுத்தேன். பரமேஸ்வரி யன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் இந்தப் பெட்டியைப் பார்க்காமல் இருக்கத்தான் அப்படி நிற்கிறாள் என்று விளங்கியது. மார்ச்சிலிருந்து நவம்பர் வரை எட்டு மாதம். கிழமைக்கு ஆறு நாள். அவள் யன்னலோரம் இருந்த நாட்கள் இருநூறுக்கு மேல் வருகிறது. இந்தக் கூட்டலை நான் ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை.

வரைபடத்தில் இலக்கம் எழுதுகிற மாதிரி, நேராக, அழிக்க முடியாதபடி எழுதினேன். 2.

அந்த அம்மா ஒரு முத்திரை குத்தி, பிரதியை எங்களிடம் தந்து, ஒப்பந்தத்தை வீட்டில் வாசித்து ஒப்பமிட்டு அனுப்பச் சொன்னார். பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து வீடு எங்களுக்கு. தர்ஷினிக்கு நான்தான் செய்தி அனுப்பினேன். இரண்டு பேர், இரண்டு அறை. ஜெர்மனில் எழுதினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "ஓம் அப்பா." தமிழில். அதை எத்தனை தடவை பார்த்தேன் என்பதை எழுதவில்லை.

7

5.51 ரயிலில் திரும்பினோம். மன்ஹைம் கடந்தது. பிறகு பரமேஸ்வரி சப்பாத்தைக் கழற்றிக் கால்களை என் பையின்மேல் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு முந்தியே தெரியும். நீங்கள் மேல படி எண்ணிக்கொண்டு நிக்கேக்க அந்தப் பிள்ளை போனில பாத்துச் சொல்லிப்போட்டுது. இந்த ஊருக்கு ரெண்டு முப்பத்துமூண்டாம்."

"பிறகேன் என்னட்டைக் கேட்டனீர்?"

"நீங்கள் சொல்லுறீங்களோ எண்டு பாத்தனான்."

வெளியே இருட்டில் ஏதோ ஒரு நிலையத்தை ரயில் நில்லாமல் கடந்தது.

"சொல்லாட்டி?" என்றேன்.

"சொல்லாட்டி நான் தனியப் போயிருப்பன்," என்றாள். "ஒண்டு எண்டு நானே எழுதியிருப்பன். அந்த இலக்கம் எனக்கும் எழுதத் தெரியும்."

பிறகு கோப்பைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். பதினான்கு பக்கம், சின்ன எழுத்து.

"வாசியுங்கோ. ஒரு வரியும் விடாமல்."

வாசித்தேன். ஜெர்மனில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. மாடியில் துணி காயப்போடக்கூடாது, ஒரு மணி முதல் மூன்று மணிவரை சத்தம் போடக்கூடாது, வாசல் தூய்மை முறை வைத்து. எதிர் இருக்கையில் இருந்தவர் காதில் பஞ்சு மாதிரி ஒன்றைச் செருகிக்கொண்டார். ஒன்பதாம் பக்கத்தில் அவள் நித்திரையாகிவிட்டாள் என்று நினைத்து நிறுத்தினேன். கண்ணைத் திறக்காமல், "ம், பிறகு?" என்றாள். கடைசிப் பக்கம் கொலோனில் முடிந்தது.

அதன் பிறகுதான் குறிப்புப் புத்தகத்தை எடுத்து அன்றைய செலவைக் கூட்டினேன். இரண்டு பேருக்கும் போகவர ரயில் சீட்டு 118.60. டிராம் 12. கோபுரம் 4. நிலையத்தில் கழிப்பறை, ஆளுக்கு ஒரு யூரோவாக 2. அடுத்தது தண்ணீர், 4.20. அந்தப் பக்கத்தைப் பரமேஸ்வரி எட்டிப் பார்த்து, அது தண்ணீர் அல்ல, அந்தப் பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்த கோப்பி என்றாள். வெட்டிவிட்டு, கோப்பி என்று திருத்தி எழுதினேன். தொகை மாறவில்லை.

மொத்தம் 140 யூரோ 80 சதம்.